புயலின் பாதையைப் பிள்ளைகளே வரையட்டும்

பூமியின் வடபாதியில் நகரும் காற்று தன் வலப்பக்கமாக விலகும். அதே வடபாதியில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், அதாவது இடஞ்சுழியாகச் சுழலும். பாடத்தில் இந்த இரண்டு செய்திகளும் அடுத்தடுத்து வரும். இரண்டும் சரிதான். ஆனால் கொஞ்சம் யோசிக்கிற பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால், “வலப்பக்கம் விலகுற காத்து வலப்பக்கம்தானே சார் சுத்தணும்?” என்று கேட்டுவிடும். பூமி சுழல்வதால் வரும் கோரியாலிஸ் விளைவு என்று பெயரைச் சொல்லிக் கடந்துவிட்டால் பாடம் அங்கேயே படுத்துவிடும். மைதானத்தில் கால் மணி நேரம் போதும், இதை நடந்தே புரியவைக்கலாம்.

நடுவில் ஒரு நாற்காலி. அதுதான் காற்றழுத்தம் குறைந்த மையம். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு பக்கமும் பத்துப் பதினைந்து அடி தள்ளி ஆளுக்கொரு பிள்ளை. விதி இதுதான்: நாற்காலியைப் பார்த்து இரண்டு அடி நட, வலப்பக்கம் ஓர் அடி ஒதுங்கு, மறுபடி நாற்காலியைப் பார்த்துத் திரும்பு, மறுபடி நட. தெற்கிலிருந்து புறப்பட்ட பிள்ளை வலப்பக்கம் ஒதுங்க ஒதுங்க நாற்காலிக்குக் கிழக்கே போய்விடும். மற்ற மூவருக்கும் இதே கதி. மாடியிலிருந்து பார்த்தால் நால்வரும் இடஞ்சுழியாக நாற்காலியைச் சுற்றி உள்ளே நெருங்குவது தெரியும். ஒவ்வொருவரும் வலப்பக்கம் விலகியதால்தான் மையம் எல்லோருக்கும் இடக்கைப் பக்கம் வந்தது.

இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். “மறுபடி நாற்காலியைப் பார்” என்ற விதியை விட்டுவிட்டால், பிள்ளைகள் வலப்பக்கம் வளைந்துகொண்டே போய் ஆளுக்கொரு சின்ன வட்டம் அடிப்பார்கள், அதுவும் தலைகீழாக வலஞ்சுழியாக. அதையும் வீணாக்க வேண்டாம். காற்றை உள்ளே இழுக்கும் அழுத்த வேறுபாடு இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று காட்ட அது நல்ல சந்தர்ப்பம். கை கழுவும் தொட்டியில் நீர் சுழன்று இறங்குவதை மட்டும் இதற்கு உதாரணமாகக் காட்டாதீர்கள். அந்தச் சுழற்சியைத் தீர்மானிப்பது தொட்டியின் வடிவமும் நீரில் முன்பே இருந்த அசைவும்தான். அவ்வளவு சின்ன அளவில் பூமியின் சுழற்சி எடுபடாது.

நிலநடுக்கோட்டில் இந்த விலகல் பூஜ்யம். அதனால் அதன் இருபுறமும் சுமார் 5 பாகை வரை, அதாவது ஏறத்தாழ 550 கி.மீ. அகலத்துக்கு, புயல் உருவாவது மிக அரிது. 2001 டிசம்பரில் சிங்கப்பூர் அருகே வெறும் 1.4 பாகை வடக்கில் உருவான ‘வமேய்’ ஒரு அபூர்வ விதிவிலக்கு.

நடைப் பயிற்சி முடிந்த கையோடு பள்ளிக் கொடிக் கம்பத்துக்குப் போகலாம். காற்று முதுகில் படும்படி நின்றால் காற்றழுத்தம் குறைந்த இடம் நம் இடக்கைப் பக்கம், சற்றே முன்னால் இருக்கும். டச்சு நாட்டு வானிலை அறிஞர் பைஸ் பாலட் 1857இல் வெளியிட்ட விதி இது. சென்னையில் வடமேற்கிலிருந்து பலமான காற்று அடித்தால் முதுகைக் காட்டி நிற்கும் பிள்ளை தென்கிழக்கைப் பார்க்கும். இடக்கை வடகிழக்கைக் காட்டும். புயல் அந்தப் பக்கம், கிழக்குக்கும் வடகிழக்குக்கும் நடுவே கடலில் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பிள்ளைகளே சரிபார்க்கட்டும்.

புயலுக்கு எரிபொருள் எது என்ற பகுதியில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. சுமார் 26.5 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ சூடான கடல்நீர், மேலாக மட்டுமல்லாமல் ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம் வரை. ஒரு லிட்டர் நீருக்கு உண்டான ஆவி மேலே போய்க் குளிர்ந்து மறுபடி நீராகும்போது விடும் வெப்பம், ஏழு லிட்டருக்கும் மேலான தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். தரைக்கு ஏறியதும் இந்த ஈரவரத்து நின்றுபோகிறது, புயல் தளர்கிறது. இவ்வளவு சொன்னால் போதும்.

கருவிகள் செய்வதில்தான் கவனம் வேண்டும். பாட்டில் வாயில் பலூன் தோலைக் கட்டி, மேலே உறிஞ்சுகுழலை ஒட்டிச் செய்யும் காற்றழுத்தமானி ஏறக்குறைய எல்லா அறிவியல் கண்காட்சியிலும் இருக்கும். பெரும்பாலும் அது காட்டுவது வெப்பநிலையை. காரணம் எளிது. பாட்டிலுக்குள் அடைபட்ட காற்று ஒரு டிகிரி சூடானால், அழுத்தம் மூன்றரை மில்லிபார் அளவுக்கு மாறியது போன்ற விளைவு உண்டாகும். காலைக்கும் மதியத்துக்கும் ஆறு டிகிரி வித்தியாசம் என்றால் 20 மில்லிபார். நம் ஊரில் சாதாரண நாளில் உண்மையான அழுத்தம் மாறுவது மூன்று நான்கு மில்லிபார்தான். ஆக, வெயில் ஏறியதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் அழுத்தம் குறைந்துவிட்டது என்று எழுதிவைப்பார்கள். பாட்டிலைக் கழுத்து வரை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி நிழலில் வைத்தால் தவறு வெகுவாகக் குறையும். அதைவிட நல்ல வழி, அழுத்த உணரி உள்ள கைப்பேசி. பல கைப்பேசிகளில் அது இருக்கிறது, இலவசச் செயலியிலேயே எண்ணைப் படிக்கலாம். எப்போதும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க வேண்டும். ஒரு மாடி ஏறினாலே சுமார் 0.4 மில்லிபார் குறைந்துவிடும்.

கைப்பேசியிலும் ஒரு பொறி உண்டு. வெப்பமண்டலத்தில் அழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணி, இரவு பத்து மணி வாக்கில் உச்சம். விடியற்காலை நான்கு, மாலை நான்கு வாக்கில் தாழ்வு. காலையில் ஒரு தடவையும் பள்ளி விடும் நேரத்தில் ஒரு தடவையும் பார்த்தால் வருடம் 365 நாளும் புயல் வரப்போவது போலவே தெரியும். இன்று காலை ஒன்பது மணி எண்ணிலிருந்து நேற்று காலை ஒன்பது மணி எண்ணைக் கழிக்க வேண்டும். வானிலையாளர்களும் இந்த 24 மணி நேர மாற்றத்தைத்தான் வரைபடத்தில் குறிக்கிறார்கள்.

மழைமானிக்கு நேரான உடல் கொண்ட இரண்டு லிட்டர் பாட்டில் போதும். மேல்பகுதியை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகினால் அதுவே புனல். அடிப்பகுதி மேடு பள்ளமாக இருக்குமாதலால் கூழாங்கல் போட்டு, நேரான சுவர் தொடங்கும் இடம் வரை நீர் ஊற்றி அங்கே பூஜ்யக் கோடு போடவேண்டும். வாயும் உடலும் ஒரே அகலமாக இருந்தால்தான் அளவுகோலில் காணும் மில்லிமீட்டரே மழையின் மில்லிமீட்டர். கடையில் வாங்கிய 15 செ.மீ. புனலை 5 செ.மீ. குழாய்மேல் வைத்தால் நீர் ஒன்பது மடங்கு உயரமாகக் காட்டும். கட்டடம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். படிக்கும் நேரம் காலை 8.30. வானிலைத் துறையின் மழைநாள் அப்போதுதான் முடிகிறது. வேறு நேரத்தில் படித்தால் செய்தித்தாளில் வரும் எண்ணோடு ஒருநாளும் ஒத்துப்போகாது.

இனி முக்கியமான பகுதி, வரைபடம். வடக்கு 5 முதல் 20 பாகை, கிழக்கு 76 முதல் 92 பாகை வரையிலான வெற்று வரைபடத்தை ஆளுக்கொன்று கொடுங்கள். புயல் இருக்கும்போது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கைகள் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். ஒவ்வொன்றிலும் மையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். சில அறிக்கைகளில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். தூரம் அளக்க வரைபடத்தின் பக்கவாட்டு அட்சரேகை அளவையே பயன்படுத்தச் சொல்லுங்கள்: ஒரு பாகை 111 கி.மீ. நம் அட்சரேகையில் தீர்க்கரேகைப் பாகை சுமார் 109 கி.மீ.

கற்பனையாக ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நேற்று காலை மையம் 11.0 வடக்கு, 84.0 கிழக்கு. இன்று காலை 12.0 வடக்கு, 82.0 கிழக்கு. வடக்கே 111 கி.மீ., மேற்கே சுமார் 217 கி.மீ. நகர்ந்திருக்கிறது. பித்தாகரஸ் தெரிந்த எட்டாம் வகுப்பு கணக்கிடட்டும். ஆறாம் வகுப்பு ஸ்கேலால் அளக்கட்டும். 244 கி.மீ., அதாவது மணிக்குப் பத்து கி.மீ. இதே வேகம், இதே திசை என்று கோட்டை நீட்டினால் நாளை காலை 13.0 வடக்கு, 80.0 கிழக்கு. சென்னையைத் தாண்டி நிலத்துக்குள் வந்துவிட்டது. எல்லோரும் “சென்னை” என்பார்கள்.

இப்போது பாகைமானியை எடுக்கச் சொல்லுங்கள். வேகத்தை மாற்றாமல் திசையை மட்டும் 30 பாகை இடப்பக்கம் திருப்பினால் புயல் புதுச்சேரி வாசலில் நிற்கும். 30 பாகை வலப்பக்கம் திருப்பினால் 13.8 வடக்கு, 80.8 கிழக்கு, ஸ்ரீஹரிகோட்டாவுக்கு எதிரே இன்னும் அறுபது கி.மீ. கடலுக்குள். ஒரே நாளில், ஒரே வேகத்தில் மூன்று வெவ்வேறு முடிவுகள். வானிலை அறிவிப்பு மாறிக்கொண்டே இருக்கிறது என்று அலுத்துக்கொள்ளும் பெரியவர்களும் ஒருமுறை இந்தக் கோடுகளைப் போட்டுப் பார்க்கலாம்.

திருப்புவது யார்? ஆற்றில் மிதக்கும் இலையைப் போலப் புயல், தன்னைச் சுற்றி ஓடும் பெரிய காற்றோட்டத்தோடு போகிறது. தரைக்காற்று அல்ல, சில கி.மீ. உயரத்தில் ஓடும் காற்று. வடக்கே உயரழுத்தம் வலுவாக இருந்தால் மேற்கே தள்ளப்படும். அந்த உயரழுத்தம் தளர்ந்தால் வடக்கே வளையும். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் நின்றுவிடும். அந்த உயரக்காற்றை அறியத்தான் மீனம்பாக்கம் போன்ற இடங்களிலிருந்து கருவி கட்டிய பலூன்கள் அதிகாலையும் மாலையும் விடப்படுகின்றன. கடலுக்கு மேல் பலூன் விட ஆளில்லை. அந்த இடைவெளியைச் செயற்கைக்கோள்கள் நிரப்பினாலும் முழுதாக நிரப்புவதில்லை. கணினி மாதிரியின் தொடக்க எண்களிலேயே சிறு பிழை இருக்கும். நாள் செல்லச் செல்ல அது பெருகும்.

அறிவிப்புப் படத்தில் பாதையைச் சுற்றிப் புனல்போல விரியும் பகுதி இந்தப் பிழைக்கானது. 24 மணி நேர முன்னறிவிப்பில் மையத்தின் இடம் சராசரியாக 75, 80 கி.மீ. தவறும், 72 மணி நேரத்துக்கு அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். பலர் அந்தப் புனலைப் புயலின் அகலம் என்று படிக்கிறார்கள், புனலுக்கு வெளியே இருந்தால் தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள். 2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பாபட்லா அருகே, சென்னைக்கு 300 கி.மீட்டருக்கும் அப்பால். சென்னை அதற்கு முந்தைய இரண்டு நாள்களிலேயே மூழ்கிவிட்டது. மையம் போகும் கோட்டோடு மழைப்பட்டைகளின் பரப்பையும் பிள்ளைகள் வரைபடத்தில் தீட்ட வேண்டும்.

பெயர்களில் வரும் ‘தீவிர’, ‘மிகத் தீவிர’ எல்லாம் காற்றின் வேகத்துக்கு மட்டுமே. மணிக்கு 62 கி.மீ. எட்டினால் புயல், 89 எட்டினால் தீவிரப் புயல், 118 எட்டினால் மிகத் தீவிரப் புயல். மழைக்கு இந்த ஏணியில் இடமே இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா காற்றால் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்த ஃபெஞ்சல் வகைப்பாட்டில் வெறும் ‘புயல்’, காற்று 70 முதல் 80 கி.மீ. ஆனால் கரையேறிய பின் மணிக்கணக்கில் நகரவில்லை. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அடுத்த நாள் அதன் மிச்சமே ஊத்தங்கரையில் ஏறக்குறைய அதே அளவு கொட்டியது. கணக்கு எளிது: மணிக்குப் பத்து மி.மீ. பெய்யும் 200 கி.மீ. அகல மழைப்பட்டை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் கடந்தால் 100 மி.மீ. ஐந்து கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 400.

கடைசியாக, முன்னறிவிப்பைச் சரிபார்க்கக் கற்றுக்கொடுங்கள். ‘நாளை மழை உண்டா?’ என்று தினமும் ஒவ்வொரு பிள்ளையும் எழுத வேண்டும். மழைமானியில் 2.5 மி.மீ. வந்தால் ‘உண்டு’, வானிலைத் துறைக்கும் மழைநாளின் எல்லை அதுதான். சரியானவற்றை மட்டும் கூட்டி மதிப்பெண் போட்டால் ஏமாந்துபோவோம். 1884இல் அமெரிக்க ராணுவத்தின் ஃபின்லி தன் டொர்னாடோ (தரையில் எழும் குறுகிய சுழல்காற்று) முன்னறிவிப்புகள் 96.6 சதவீதம் சரி என்று காட்டினார். ‘டொர்னாடோ வராது’ என்று தினமும் சொல்லியிருந்தாலே 98.2 சதவீதம் சரியாகியிருக்கும் என்று மற்றொருவர் சுட்டிக்காட்டினார். வகுப்பிலும் ஒரு சுட்டி தினமும் ‘மழை இல்லை’ என்று எழுதி முதலிடம் பிடிக்கும். அதனால் நான்கு கட்டம் போட்டு நிரப்புங்கள்: சொன்னது வந்தது, சொன்னது வரவில்லை, சொல்லாதது வந்தது, சொல்லாதது வரவில்லை. மழை வந்த நாள்களில் எத்தனையை முன்கூட்டிச் சொன்னார்கள் என்று தனியாக எண்ணுங்கள். ‘நேற்றுபோலவே இன்றும்’ என்று மட்டும் எழுதும் ஒரு கற்பனை மாணவரையும் பட்டியலில் சேர்த்து, அவரை யார் வெல்கிறார்கள் என்று பாருங்கள். மார்ச்சில் இந்த ஆட்டத்தை ஆடிப் பயனில்லை. அக்டோபர் நடுவில் தொடங்கி அரையாண்டுத் தேர்வு வரை ஓட்டினால் நான்கு கட்டங்களிலும் போதிய எண் விழும்.