படம்தானே என்று அனுப்பிய ரிப்போர்ட்டுக்குள் என்னென்ன இருக்கிறது?

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நிறுவனத்துக்குச் சம்பளச் செலவு பற்றி பவர் பிஐயில் (தரவைச் சார்ட்டுகளாகக் காட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) ஒரு ரிப்போர்ட் செய்து கொடுத்தேன். துறைவாரியாகச் சராசரிச் சம்பளம், மொத்தச் செலவு, போன வருடத்தோடு ஒரு ஒப்பீடு, அவ்வளவுதான். திரையில் ஒரு ஊழியரின் பெயர்கூடக் கிடையாது. மேலாளர்கள் எல்லாருக்கும் லிங்க் போனது. மூன்றாம் நாள் அவர்களில் ஒருவர் போன் செய்து, "சார், இதை எக்செல்லில் திறந்தேன், எல்லார் சம்பளமும் பெயரோடு வருது, இதெல்லாம் நான் பார்க்கலாமா?" என்று கேட்டார். நல்ல மனுஷன், கேட்டார். எல்லாரும் கேட்பார்கள் என்று நம்பித் தொழில் செய்ய முடியாது.

நடந்தது இதுதான். பகிரும்போது வரும் பெட்டியில், இந்தத் தரவை வைத்துப் பெறுபவர்கள் புதிதாக எதையாவது உருவாக்கலாம் என்று ஒரு டிக் இருக்கும். அது போட்டபடியே இருந்தது, நான் கவனிக்கவில்லை. அந்த டிக்குக்குப் பெயர் பில்ட் அனுமதி. அது கிடைத்துவிட்டால் ரிப்போர்ட்டில் நான் வரைந்த நாலு சார்ட்டோடு விஷயம் நிற்காது. அதற்குப் பின்னால் இருக்கும் மொத்த மாடலையும் (ரிப்போர்ட்டுக்காக ஏற்றிவைத்த அட்டவணைகளின் தொகுப்பு, முன்பு டேட்டாசெட் என்றார்கள், 2023 கடைசியிலிருந்து செமாண்டிக் மாடல் என்கிறார்கள்) எக்செல்லோடு இணைத்து, பிவோட் டேபிள் என்ற தொகுப்பு அட்டவணையில் வேண்டியதை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். சராசரி கணக்குப் போட எனக்கு ஒவ்வொருவர் சம்பளமும் தேவைப்பட்டது, அதனால் பெயர் உட்பட முழு அட்டவணையையும் மாடலில் ஏற்றியிருந்தேன். அவர் பெயரையும் சம்பளத்தையும் வரிசைப் பக்கம் இழுத்துப் போட்டார், முடிந்தது கதை.

பலருக்கு இந்த இடம்தான் பிடிபடுவதில்லை. பார் சார்ட்டைப் பார்க்கும்போது மனசு அதை ஒரு புகைப்படம் மாதிரி எடுத்துக்கொள்கிறது. ஆனால் வெளியிட்ட ரிப்போர்ட் என்பது கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஒரு தரவுத்தளம். சார்ட் என்பது நீங்கள் முன்கூட்டியே கேட்டு வைத்த ஒரு கேள்வி, அவ்வளவே. அடுத்த கேள்வியை வேறு யாராவது கேட்பார்கள்.

சரி, மறைத்து வைத்துவிட்டால்? அந்த நெடுவரிசையை ஹைட் செய்தாயிற்று, அந்தப் பக்கத்தையும் ஹைட் செய்தாயிற்று, அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். ஹைட் என்பது மேசையை ஒழுங்காக வைப்பதற்கான வசதி, பூட்டு இல்லை. மறைத்த நெடுவரிசை பட்டியலில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெயர் தெரிந்தவன் கேட்டால் மாடல் கொடுத்துவிடும். சார்ட் ஒவ்வொன்றும் பிரவுசர் வழியாகத்தான் மாடலிடம் தரவு கேட்கிறது, அந்தக் கேள்வியை எடுத்து மாற்றிக் கேட்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். உண்மையாகவே பூட்ட வேண்டும் என்றால் வரிசைகளுக்கு ரோ லெவல் செக்யூரிட்டி (யார் எந்த வரிசையைப் பார்க்கலாம் என்ற விதி), நெடுவரிசைகளுக்கும் அட்டவணைகளுக்கும் அதே மாதிரி ஆப்ஜெக்ட் லெவல் செக்யூரிட்டி. எல்லாவற்றையும் விட நல்லது, வேண்டாத நெடுவரிசையை மாடலுக்குள் ஏற்றாமலே இருப்பது. இல்லாததை யாராலும் எடுக்க முடியாது.

ரோ லெவல் செக்யூரிட்டியிலும் ஒரு குழி உண்டு. ஒரு இடத்தில் பார்த்தேன், விதிகளை அத்தனை அழகாக எழுதியிருந்தார்கள், எந்தக் கிளை மேலாளருக்கு எந்தக் கிளை தெரிய வேண்டும் என்று துல்லியமாக. ஆனால் தினமும் "எனக்குத் திறக்கவில்லை" என்று போன் வருகிறதே என்று சலித்துப்போய், எல்லாரையும் வொர்க்ஸ்பேஸில் (ரிப்போர்ட்டுகளை வைத்திருக்கும் பொது இடம்) காண்ட்ரிபியூட்டராக, அதாவது திருத்தும் உரிமையோடு, சேர்த்துவிட்டார்கள். அட்மின், மெம்பர், காண்ட்ரிபியூட்டர் மூவருக்கும் அந்த விதி பொருந்தாது, பார்க்க மட்டும் உரிமையுள்ள வியூவருக்குத்தான் பொருந்தும். மொத்தக் கிளைகளின் கணக்கும் மொத்தப் பேருக்கும் பல மாதம் தெரிந்துகொண்டிருந்தது, யாரும் புகார் செய்யவில்லை. ஏன் செய்யப்போகிறார்கள்?

இன்னொன்று பப்ளிஷ் டு வெப். இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். வலைத்தளத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு லிங்க் தரும், அதைத் திறக்க லாகின் எதுவும் வேண்டாம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ரிப்போர்ட் கூட்டிக் காட்டும் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் விவரமும் அதில் அடங்கும் என்று மைக்ரோசாஃப்ட்டே எச்சரித்து எழுதியிருக்கிறது. வெளியாருக்கு லைசென்ஸ் வாங்க வேண்டாமே என்பதற்காக நிறுவனத்தின் உள்கணக்கை இதில் போடுபவர்கள் இருக்கிறார்கள். லிங்க் நீளமாக இருக்கிறது, யார் கண்டுபிடிப்பார்கள் என்பதுதான் அவர்களுடைய பாதுகாப்பு. உங்கள் அட்மினிடம் இந்த வசதி யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள்.

இது பவர் பிஐயோடு மட்டும் போகிற விஷயமும் இல்லை. டேபிளோ என்ற இதே மாதிரி மென்பொருளில் பேக்கேஜ்டு வொர்க்புக் என்று அனுப்பும் கோப்பு உண்மையில் ஒரு ஜிப், உள்ளே தரவும் சேர்ந்தே இருக்கும். எக்செல் சார்ட்டைப் பவர்பாயின்டில் எம்பெட் செய்து ஒட்டினால் வொர்க்புக் முழுவதும் கூடவே போகும். பிவோட் டேபிளில் ஒரு எண்ணை டபுள் கிளிக் செய்தால் பின்னாலிருக்கும் வரிசைகள் புதுத் தாளில் கொட்டும். இங்கிலாந்தில் பிளாக்பூல் மருத்துவமனை அறக்கட்டளை தன் ஊழியர்களின் பன்முகத்தன்மை பற்றிய புள்ளிவிவரங்களை வலைத்தளத்தில் போட்டபோது இதுதான் நடந்தது. டபுள் கிளிக் செய்தவர்களுக்கு 6,574 ஊழியர்களின் பிறந்த தேதி, மதம், பாலியல் நாட்டம் வரை கிடைத்தது, 2016இல் 1,85,000 பவுண்டு அபராதம். 2023இல் வட அயர்லாந்து காவல்துறை ஒரு தகவல் உரிமைக் கேள்விக்கு அனுப்பிய எக்செல் கோப்பில் கண்ணில் படாத ஒரு தாளும் சேர்ந்து போனதால், பணியில் இருந்த 9,483 பேரின் விவரம் வெளியானது. இந்த இரண்டிலும் யாரும் எதையும் உடைத்துக்கொண்டு உள்ளே போகவில்லை, அனுப்பிய கோப்பிலேயே இருந்தது.

இனி அடுத்த பக்கம், திருத்துவது. "டேஷ்போர்டில் அந்த எண் தப்பு, நீங்களே அங்கே மாற்றிவிடுங்கள்" என்று கேட்காத மேலதிகாரி கிடையாது. வெளியிட்ட ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணின் மேல் போய் வேறு எண்ணைத் தட்டச்சு செய்ய முடியாது. இம்போர்ட் முறையில் ஏற்றியிருந்தால் அது மூலத் தரவின் ஒரு நகல், ரிஃப்ரெஷ் ஆகும்போதுதான் புதுப்பிக்கப்படும். எண் தப்பு என்றால் மூலத்தில் தப்பா, பவர் குவெரியில் (தரவை ஏற்றும் முன் படிப்படியாக மாற்றும் பகுதி) மாற்றும்போது தப்பா, மெஷரில் (எண்ணைக் கணக்கிடும் சூத்திரம்) தப்பா, அல்லது நேற்றிரவு ரிஃப்ரெஷே ஆகவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது அடிக்கடி நடக்கும். ரிஃப்ரெஷ் தொடர்ந்து நான்கு முறை தோற்றால் குறித்த நேரத்தில் தானாக ரிஃப்ரெஷ் ஆகும் ஏற்பாடே நின்றுவிடும், ரிப்போர்ட் மட்டும் பழைய எண்ணோடு எதுவும் நடக்காதது மாதிரி திறந்துகொண்டே இருக்கும்.

எனக்குப் பயமாக இருப்பது, மூலத்தைத் தொடாமல் நடுவில் வைக்கும் ஒட்டு. ஒரு விற்பனை ரிப்போர்ட்டில் ஒரு வாடிக்கையாளரின் தொகையில் ஒரு பூஜ்ஜியம் அதிகம். அவசரம், கூட்டம் பதினோரு மணிக்கு. ஒருவர் பவர் குவெரியில் அந்த மதிப்பை மட்டும் மாற்றும்படி ஒரு படி சேர்த்து மறுபடி வெளியிட்டார். கூட்டம் நன்றாக முடிந்தது. பிறகு கணக்குப் பிரிவு மூலத்தையும் சரிசெய்தது, அப்புறம் வேறொரு மாதம் வேறொரு வாடிக்கையாளருக்கு நியாயமாகவே அதே தொகை வந்தது, ரிப்போர்ட் அதையும் பத்தில் ஒரு பங்காக்கிவிட்டது. அதைக் கண்டுபிடிக்க நாங்கள் இரண்டு நாள் தேடினோம். ஒட்டு வைத்தவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருந்தார், அந்தப் படிக்கு ஒரு வரி குறிப்புகூட எழுதியிருக்கவில்லை.

இலக்கு எண்களை என்டர் டேட்டா வழியாக உள்ளேயே கையால் அடித்து வைப்பதும் இதே ஜாதி. அந்த அட்டவணை வேறெங்கும் இல்லை, பிபிஐஎக்ஸ் என்ற பவர் பிஐ கோப்பின் வயிற்றில் மட்டும்தான். திருத்த வேண்டுமென்றால் கோப்பைத் திறந்து, டிரான்ஸ்ஃபார்ம் டேட்டாவுக்குள் போய், சோர்ஸ் படியின் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்த வேண்டும். கோப்பு யாருடைய மடிக்கணினியில் இருக்கிறது என்பதே பல சமயம் துப்பறியும் வேலை. ஆன்லைனிலிருந்து இறக்கிக்கொள்ளலாம்தான், ஆனால் எல்லா ரிப்போர்ட்டுக்கும் அது கிடைக்காது. இறக்கியதைத் திருத்தி அதே பெயரில் வெளியிட்டால், இடையில் வேறொருவர் பிரவுசரிலேயே செய்திருந்த மாற்றங்கள் காணாமல் போகும். ரீப்ளேஸ் செய்யவா என்று அது கேட்கும், நாம் படிக்காமல் சரி என்போம். இலக்கு எண்களை எல்லாருக்கும் பொதுவான ஒரு எக்செல்லில் அல்லது ஷேர்பாயின்ட் பட்டியலில் வைத்தால் இந்தத் தொல்லையே கிடையாது.

அந்தச் சம்பள ரிப்போர்ட்டை என்ன செய்தேன் என்றால், அன்றைக்கே லிங்க்குகளை ரத்து செய்துவிட்டு, துறைவாரியாகக் கூட்டிய அட்டவணையை மட்டும் ஏற்றி மாடலைப் புதிதாகக் கட்டினேன். மூன்று பேருக்குக் குறைவாக இருந்த துறைகளை ஒன்றாகச் சேர்த்தேன், ஒருவரே இருக்கும் துறையில் சராசரி என்பதே அவருடைய சம்பளம்தானே. வெறும் வியூவர் உரிமையுள்ள ஒரு சோதனைக் கணக்கில் திறந்து, ஒவ்வொரு சார்ட்டிலும் எக்ஸ்போர்ட் என்ன தருகிறது என்று பார்த்தேன். பிறகு போன் செய்த அந்த மேலாளருக்குத்தான் முதல் லிங்க்கை அனுப்பி, "பழையபடி எக்செல்லில் திறந்து பாருங்க சார், ஏதாவது வருதா" என்று கேட்டேன். அரை மணி நேரம் முயற்சி செய்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் சொன்னார்.