சிட்டிசன் ஆயாச்சு, ஆனா வோட்டர் லிஸ்ட்ல பேரு தூக்கிட்டாங்களா? இதைப் படிங்க

அமெரிக்கால சிட்டிசன் ஆகி, வோட்டர் ஃபார்மும் எழுதிக் குடுத்துட்டு, இனிமே பிரச்சினை இல்லன்னு இருக்கிற நம்ம ஆளுங்களுக்குத்தான் இது. திடீர்னு ஒரு லெட்டர் வரும், நீங்க சிட்டிசன்தானான்னு சந்தேகமா இருக்கு, நிரூபிக்கலைன்னா பேரை எடுத்துடுவோம்னு. டெக்சாஸ்ல 30 நாள் டைம், வர்ஜீனியால 14 நாள்தான். ஊருக்குப் போயிருந்த நேரத்துல வந்துச்சுன்னா போச்சு.

காரணம் பெரும்பாலும் உங்க டிரைவிங் லைசென்ஸ்தான். எச்1பிலயோ கிரீன் கார்டுலயோ இருந்தப்ப எடுத்த லைசென்ஸ், அந்த ஆபீஸ் ரெக்கார்டுல நீங்க இன்னும் வெளிநாட்டுக்காரர்தான், நீங்களா போய் மாத்துற வரைக்கும் அது அப்படியேதான் கிடக்கும். 2019ல டெக்சாஸ் அரசு இந்தப் பழைய ரெக்கார்டை வச்சே சுமார் 95,000 பேரைச் சந்தேக லிஸ்ட்ல போட்டுச்சு, அதுல ஏகப்பட்ட பேரு ஏற்கெனவே சிட்டிசன் ஆனவங்க, கடைசில கேஸ் போட்டப்புறம்தான் வாபஸ் வாங்குனாங்க. 2024ல அலபாமால 3,251 பேரைச் சந்தேக லிஸ்ட்ல போட்டாங்க, அதுல 2,000 பேருக்கு மேல தகுதியுள்ளவங்கன்னு கோர்ட்ல தெரிஞ்சுது.

1993ல வந்த தேசிய வோட்டர் பதிவுச் சட்டப்படி தேர்தலுக்கு முன்னாடி 90 நாளுக்குள்ள இப்படி மொத்தமா பேரு நீக்கக் கூடாது. ஆனா இந்தச் சட்டத்தை நம்பி உக்காந்துடாதீங்க. வர்ஜீனியால 2024ல அந்த 90 நாளுக்குள்ளயே சுமார் 1,600 பேரை எடுத்தாங்க, கீழ்க் கோர்ட் திருப்பிச் சேக்கச் சொல்லியும் சுப்ரீம் கோர்ட் காரணம் ஒண்ணும் சொல்லாம அந்த உத்தரவை நிறுத்தி வச்சுடுச்சு. ஒரு கட்சி வெளியாளுங்க ஓட்டுப் போடுறாங்கன்னு கத்துது, இன்னொரு கட்சி ஓட்டைப் பறிக்கிறாங்கன்னு கத்துது, நடுவுல உங்க ரெக்கார்டைத் திருத்த ஒருத்தரும் வர மாட்டாங்க.

லெட்டர் வந்தா எங்க போறதுன்னுதான் அடுத்த குழப்பம். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா தேர்தல் ஆபீஸ் போனா லைசென்ஸ் ஆபீஸ்ல கேளுங்கன்னாங்க, அங்க போனா வோட்டர் லிஸ்ட் எங்க வேலை இல்லன்னாங்க, கைல பாஸ்போர்ட்டும் சர்டிபிகேட்டும் வச்சுக்கிட்டே நாள் முழுக்க அலைஞ்சாங்க. நேரா லெட்டர் அனுப்புன தேர்தல் ஆபீஸுக்கே அமெரிக்க பாஸ்போர்ட் காப்பி குடுங்க, வாங்கிக்கிட்டதுக்குத் தேதியோட ரசீது கேளுங்க, தரலைன்னா நகரவே நகராதீங்க. பாஸ்போர்ட் இல்லையா, சிட்டிசன் சர்டிபிகேட் காப்பி குடுக்கலாம். காப்பி எடுத்தா தண்டனைன்னு அதுல அச்சடிச்சிருக்கிறதைப் பாத்துப் பயப்படுறாங்க, சட்டப்படியான தேவைக்கு எடுக்கலாம். லைசென்ஸ் ரெக்கார்டையும் சோஷியல் செக்யூரிட்டி ரெக்கார்டையும் தனித்தனியா மாத்தணும், ஒண்ணை மாத்துனா இன்னொண்ணு தானா மாறாது.

அப்புறம் நம்ம பேரு. அப்பா பேரு ஒரு இடத்துல கடைசில, இன்னொரு இடத்துல வெறும் இனிஷியலா. ஜார்ஜியால 2018ல பேரு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தலைன்னு 50,000த்துக்கு மேல விண்ணப்பங்களை நிறுத்தி வச்சாங்க. எல்லாத்துலயும் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே எழுதுங்க.

பூத்துக்குப் போனப்புறம் பேரு இல்லன்னு சொன்னா வீட்டுக்குத் திரும்பாதீங்க. 2002ல வந்த தேர்தல் சட்டப்படி பிராவிஷனல் பேலட், அதாவது உங்க தகுதியைச் சரிபாத்தப்புறம் எண்ணுற ஓட்டுச் சீட்டு, கேக்குறது உங்க உரிமை, நான் தகுதியுள்ள வோட்டர்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா குடுத்தே ஆகணும். ஆனா போட்டதோட முடியல. உங்க பூத் சரிதானான்னு முதல்ல பாருங்க, வேற பூத்துல போட்டா பல மாநிலத்துல எண்ணவே மாட்டாங்க. ஐடி காட்டலைன்னா ஜார்ஜியால 3 நாளுக்குள்ள கொண்டு போய்க் காட்டணும், இது தெரியாமலேயே எத்தனையோ ஓட்டு குப்பைக்குப் போகுது.

இன்னும் கிரீன் கார்டுல இருக்கிறவங்க ரொம்ப ஜாக்கிரதை. லைசென்ஸ் கவுன்டர் ஸ்கிரீன்ல வோட்டரா பதியணுமான்னு கேக்கும், அவசரத்துல ஆமான்னு அமுக்கிடாதீங்க, சிட்டிசன்னு பொய் சொன்னதா அது நாடு கடத்துற வரைக்கும் போகும். ஊழியரே அமுக்குனாலும் கையெழுத்து உங்களோடதுதான்.

பேரு இருக்கான்னு ரெண்டு மாசம் முன்னாடியே மாநிலத் தேர்தல் வெப்சைட்ல பாத்துடுங்க, டெக்சாஸ்ல 30 நாளுக்கு முன்னாடி பதியலைன்னா அந்தத் தேர்தல் அவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. பூத்துல தகராறுன்னா அங்க நின்னுக்கிட்டே 866-687-8683க்கு அடிங்க, வக்கீலுங்க ஃப்ரீயா பேசுவாங்க. பிராவிஷனல் போட்டவங்க, உங்க ஓட்டு எண்ணுனாங்களான்னு தெரிஞ்சுக்குற வழியை எழுதி ஒரு சீட்டு தரணும், அதுக்கும் காசு கிடையாது. அதைக் கேட்டு வாங்கிட்டு மறுநாளே விசாரிங்க.