கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரம்

வெள்ளி இரவு கிளம்பி, சனி ஞாயிறு இரண்டு நாளும் ஒரு குட்டித் தீவில் ஸ்கூபா டைவிங் செய்துவிட்டு, திங்கள் காலை விமானம் பிடித்து நேராக அலுவலகம். வாரக்கடைசியில் கடலுக்குப் போக நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் திட்டம் உருவாகும். இதில் முதலில் எழுதி வைக்க வேண்டியது திரும்பும் விமானத்தின் நேரம். அங்கிருந்து பின்னோக்கி எண்ணித்தான் கடைசி டைவ் எப்போது என்று முடிவு செய்ய வேண்டும். டைவிங் பயிற்சியாளர்கள் இதில் ஏன் அவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பது நைட்ரஜனின் போக்கைப் பார்த்தால் புரியும்.

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். உடம்புக்கு அதனால் வேலை எதுவும் இல்லை. உள்ளே போனது அப்படியே வெளியே வந்துவிடும். ஆனாலும் ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கொஞ்சம் நைட்ரஜன் எப்போதும் கரைந்தே இருக்கிறது. எவ்வளவு கரையும் என்பது அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் இரு மடங்கானால் திரவத்தில் கரையும் வாயுவும் இரு மடங்காகும் என்று 1803-இல் ஆங்கில வேதியியலாளர் வில்லியம் ஹென்றி காட்டினார். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டர் ஆழத்தில் பவளப்பாறைக்கு மேல் மிதந்துகொண்டிருப்பவரை அழுத்துவது 2.8 வளிமண்டலம். வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டரும் அதே அழுத்தத்தில்தான் காற்றைத் தருகிறது. இல்லாவிட்டால் அந்த ஆழத்தில் நெஞ்சை விரித்து மூச்சிழுக்கவே முடியாது. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும், தரையில் இழுப்பதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நைட்ரஜன் நுரையீரலுக்குள் போகிறது. அங்கிருந்து ரத்தத்துக்கு, ரத்தத்திலிருந்து உடம்பெங்கும்.

கரைந்திருக்கும் வரை ஆபத்து பெரிதாக இல்லை. மேலே ஏறும்போதுதான் சிக்கல். அழுத்தம் குறையக் குறைய, கரைந்த நைட்ரஜன் ரத்தத்தின் வழியே நுரையீரலுக்குத் திரும்பி மூச்சோடு வெளியேற வேண்டும். அவசரமாக ஏறினால் அதற்கு நேரம் கிடைக்காமல், இருந்த இடத்திலேயே குமிழியாகிவிடும். மூட்டருகே குமிழி உண்டானால் குடைச்சல். தோலில் என்றால் அரிப்பும் திட்டுத் திட்டான நிறமாற்றமும். தண்டுவடத்தில் என்றால் கால் மரத்துப்போகலாம், சிறுநீர் பிரியாமல் போகலாம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறாதே, 5 மீட்டரில் 3 நிமிடம் நில் என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான்.

அழுத்தக் குறைவு நோய் (decompression sickness) எனப்படும் இதை முதலில் அனுபவித்தவர்களில் பலர் கட்டுமானத் தொழிலாளர்கள். ஆற்றுப் படுகையில் பாலத்துக்கு அடித்தளம் தோண்ட, அழுத்தக் காற்று நிரப்பிய பெரும் பெட்டிகளுக்குள் இறங்கி வேலை செய்தவர்கள் அவர்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-இல் இதனால் முடங்கிப்போனார். காரணம் நைட்ரஜன் குமிழிதான் என்று 1878-இல் பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர்ட் விளக்கினார்.

எவ்வளவு மெதுவாக ஏறினால் போதும் என்பதற்குக் கணக்குப் போட்டவர் உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக லண்டனில் ஓர் இரும்பு அழுத்த அறைக்குள் ஆடுகளை வைத்து அவர் நடத்திய சோதனைகள் 1908-இல் வெளியாயின. ஆடு வாய் திறந்து சொல்லாது. ஆனால் மூட்டு வலி வந்த ஆடு முன்னங்காலை மடக்கித் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தத் தூக்கிய காலைப் பார்த்துத்தான் எந்த ஏற்றம் பாதுகாப்பானது, எது இல்லை என்று பிரித்தார்கள்.

ஹால்டேனின் பெரிய பங்களிப்பு, உடம்பை ஒரே திரவமாகப் பார்க்காமல் வெவ்வேறு வேகமுள்ள பகுதிகளாகப் பிரித்தது. மெல்லிய துண்டு சட்டென நனைந்து சட்டெனக் காயும். கனத்த ஜமுக்காளம் நனையவும் நேரமெடுக்கும், காயவும் நேரமெடுக்கும். நல்ல ரத்த ஓட்டமுள்ள பகுதிகள் சில நிமிடங்களில் நைட்ரஜனை ஏற்றி, அதே வேகத்தில் இறக்கிவிடும். ரத்த ஓட்டம் குறைந்த இடங்களுக்கும், நைட்ரஜனை நிறையப் பிடித்துவைக்கும் கொழுப்புக்கும் மணிக்கணக்கில் ஆகும். ஹால்டேன் 5 முதல் 75 நிமிடம் வரை அரை நேரம் கொண்ட ஐந்து பகுதிகளை வைத்துக்கொண்டார். அரை நேரம் என்பது மீதமிருப்பதில் பாதி ஏறவோ இறங்கவோ ஆகும் நேரம். பிற்காலத்தில் சூரிக்கில் மருத்துவர் ஆல்பர்ட் ப்யூல்மான் அதைப் பதினாறாக்கினார். மிக மெதுவானதற்கு அரை நேரம் 635 நிமிடம். இன்றைக்கு மணிக்கட்டில் கட்டும் டைவ் கணினிகளில் பலவும் இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன.

அந்த மெதுவான பகுதிகளில்தான் விமானப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. 8 மணி நேர அரை நேரமுள்ள ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். டைவுக்கு முன் அதில் நைட்ரஜன் அழுத்தம் ஏறத்தாழ 0.75 வளிமண்டலம். 18 மீட்டரில் 45 நிமிடம் இருந்தால் இன்னும் 0.09 கூடும். அற்பம்தான். ஆனால் இரண்டு மணி நேரம் கரையில் உட்கார்ந்தாலும் அதில் ஆறில் ஒரு பங்குகூட முழுதாக வெளியேறாது. அதற்குள் அடுத்த டைவ். சனிக்கிழமை மூன்று டைவ் முடியும்போது கூடுதல் 0.2-ஐத் தாண்டிவிடும். இரவுத் தூக்கத்தில் பெரும்பகுதி வெளியேறினாலும் மிச்சத்தோடுதான் ஞாயிறு தொடங்குகிறது. அன்று இரண்டு டைவ் செய்தால் மறுபடி 0.2-க்கு வந்து நிற்கும். மொத்தம் 0.95.

கடற்கரையில் நம்மைச் சுற்றியுள்ள அழுத்தம் 1. உள்ளே 0.95, வெளியே 1. அதனால் அந்தப் பகுதியில் நைட்ரஜன் குமிழியாகும் வாய்ப்பு குறைவு. உடம்பில் ஒரு குறையும் தெரியாது. விமானத்துக்குள் நிலைமை வேறு. பறக்கும் விமானத்தில் அறை அழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாகக் குறையலாம்; அதாவது ஏறத்தாழ 0.75. இப்போது உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிட அதிகம். கண்ணுக்கும் உணர்வுக்கும் எட்டாமல் டைவுக்குப் பின் உண்டாகியிருந்த சின்னக் குமிழிகளும் அழுத்தம் குறைந்ததும் பெரிதாகும். “நான் நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று விமானமேறுவதில் உள்ள பிழை இதுதான். கடல் மட்டத்தில் நன்றாக இருப்பது 8,000 அடியைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தன்னார்வலர்களை அழுத்த அறையில் ‘டைவ்’ செய்யவைத்து, பின் விமான அறையின் அழுத்தத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அதுபோன்ற தரவுகளை வைத்து 2002-இல் டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் கூட்டிய பட்டறை சொன்ன பரிந்துரை: வழியில் நிறுத்தி ஏறத் தேவையில்லாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் அல்லது பல நாள் டைவிங் என்றால் குறைந்தது 18 மணி நேரம், கட்டாயமாக நிறுத்தி நிறுத்தி ஏற வேண்டிய ஆழமான டைவ் என்றால் அதைவிடக் கணிசமாக அதிகம். திங்கள் காலை 7 மணி விமானம் என்றால் ஞாயிறு மதியம் 1 மணிக்குள் கடைசி டைவ் முடிந்து நீங்கள் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஞாயிறு காலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். மதியம் முழுக்க முகமூடியும் ஸ்நார்க்கெல் மூச்சுக்குழாயும் போதும். மேற்பரப்பில் மிதந்து மீன் பார்ப்பதற்கு இந்தக் கணக்கு எதுவும் இல்லை. படகில் கரை சேர்ந்து உயரமான மலைப்பாதை வழியாகக் காரில் திரும்புகிறவர்களுக்கும் அழுத்தம் குறையத்தான் செய்யும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

குட்டித் தீவு என்பதால் இன்னொரு கவலையும் உண்டு. இந்நோய்க்கான சிகிச்சை, நோயாளியை அழுத்த அறையில் வைத்து 18 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்தில் ஆக்சிஜன் தருவது. குமிழி சுருங்கும், நைட்ரஜன் வெளியேறும். அத்தகைய அறை பெரும்பாலான சிறு தீவுகளில் இருக்காது. அந்த அறை இருக்கும் ஊருக்குப் போய்ச் சேரும்வரை கைகொடுப்பது முகமூடி வழியே தரும் தூய ஆக்சிஜன்தான்: நுரையீரலில் நைட்ரஜனே இல்லாதபோது, ரத்தத்தில் இருப்பது வேகமாக அங்கே இறங்கிவரும். ஆகவே தீவில் டைவிங் நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

டைவ் முடிந்து ஒரு நாளுக்குள் தோள்பட்டையோ முழங்கையோ வலித்தால், சிலிண்டர் தூக்கியதால் இருக்கும் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டு விமானமேறுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யாமல் அன்றே பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். மருத்துவரிடம் போனால், கேட்காவிட்டாலும், எத்தனை டைவ், எவ்வளவு ஆழம், கடைசியாக எப்போது மேலே வந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.