கோர்ட் மார்ஷல் (ராணுவத்தின் சொந்த நீதிமன்றம்) தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியுமா?

முடியும். ஆயுதப்படை தீர்ப்பாயச் சட்டம் 2007-ல் வந்தது, 2009 ஆகஸ்டில் தீர்ப்பாயம் வேலையைத் தொடங்கியது. சென்னையிலும் அதற்கு ஒரு அமர்வு உண்டு. அதற்கு முன்பெல்லாம் தண்டனை பெற்ற ஜவான் மேலதிகாரிகளுக்கு மனு போடலாம், மிஞ்சினால் உயர் நீதிமன்றத்தில் ரிட் (அதிகாரிகளின் சட்டமீறலைக் கேள்வி கேட்கும் மனு) போடலாம். ரிட்டில் சாட்சியங்களை மறுபடி அலச மாட்டார்கள். மேல்முறையீட்டுக்கு ஒரு வழியாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொன்னது. சட்டம் வர 25 வருஷம் பிடித்தது!

1950-ஆம் வருட ராணுவச் சட்டத்தில் கோர்ட் மார்ஷல் நான்கு வகை. ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது 5 அதிகாரிகள் உட்காருவார்கள். மரண தண்டனை வரை கொடுக்கலாம், ஆனால் அதற்கு மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டும். தீர்ப்பு சொல்லும்போது ரேங்கில் இளையவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். பெரியவர் சொன்ன பிறகு மாற்றிப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? டிஸ்ட்ரிக்ட் கோர்ட் மார்ஷலுக்கு 3 அதிகாரிகள், அதிகபட்சம் 2 வருஷ சிறை. சம்மரி ஜெனரல் என்பது பெரும்பாலும் போர்க்காலத்துக்கானது.

ஜவான் குடும்பங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது நான்காவதான சம்மரி கோர்ட் மார்ஷலை. இதில் கமாண்டிங் ஆபீசர், அதாவது படைப்பிரிவின் தலைவர், ஒருவரே நீதிமன்றம். கூட இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு ஓட்டு கிடையாது. அந்தக் கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ என்றால் ஒரு வருஷம் வரை சிறை, கூடவே டிஸ்மிஸ். டிஸ்மிஸ் ஆனால் பொதுவாகப் பென்ஷனும் போச்சு. குற்றம் சாட்டப்பட்டவர் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் எழுந்து வாதாட முடியாது.

மற்ற மூன்று வகைத் தீர்ப்பும் மேலதிகாரி ஒருவர் உறுதி செய்த பிறகுதான் செல்லும். இது வெறும் சடங்கு இல்லை. 1945-46 செங்கோட்டை வழக்கில் ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) அதிகாரிகள் மூவருக்கு நாடுகடத்தல் ஆயுள் தண்டனை விதித்தார்கள். தளபதி ஆக்கின்லெக் அதை ரத்து செய்து, பதவி நீக்கத்தையும் சம்பள பாக்கி பறிப்பையும் மட்டும் நிற்க வைத்தார். சம்மரி கோர்ட் மார்ஷலுக்கோ இந்த உறுதி தேவையில்லை.

அதனால் என்ன ஆகும் என்பதற்கு 1987-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கே போதும். கமாண்டிங் ஆபீசர் மேல் புகார் எழுதினார் ஒரு சிக்னல்மேன் (தகவல் தொடர்புப் பிரிவு ஜவான்). அதற்கே 28 நாள் தண்டனை. உள்ளே இருக்கும்போது சாப்பிடச் சொன்ன உத்தரவை மீறினார் என்று மறுபடி குற்றச்சாட்டு. புகாருக்கு ஆளான அதே அதிகாரி விசாரணையில் உட்கார்ந்தார். ஒரு வருஷ சிறை, டிஸ்மிஸ். பாரபட்சம், குற்றத்துக்குப் பொருந்தாத தண்டனை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்து, அவரை வேலையில் சேர்க்கச் சொன்னது.

இப்போதைய தண்டனைப் பட்டியலில் கசையடி இல்லை. 1806-ல் வேலூரில் புதுத் தலைப்பாகையை மறுத்த சிப்பாய்களுக்குக் கிடைத்தது அதுதான், ஜூலையில் கோட்டையில் கலகமே வெடித்தது. கவர்னர் ஜெனரல் பென்டிங்க் 1835-ல் இந்தியச் சிப்பாய்களுக்கு அதை நிறுத்தினார், 1845-ல் திரும்ப வந்தது, 1920-ல்தான் ஒழிந்தது.

சரி, தீர்ப்பாயத்துக்குப் போனால்? ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும் முன்னாள் மூத்த ராணுவ அதிகாரி ஒருவரும் விசாரிப்பார்கள். சாட்சியத்தை மறுபடி பார்க்கலாம், தண்டனையைக் குறைக்கலாம், ஜாமீன் தரலாம். உங்கள் தரப்பைக் கேட்டுவிட்டுத் தண்டனையைக் கூட்டவும் அதிகாரம் உண்டு, இதை வக்கீலிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். சம்மரி கோர்ட் மார்ஷல் என்றால், தீர்ப்பாயத்துக்குப் போகத் தண்டனையில் டிஸ்மிஸோ 3 மாதத்துக்கு மேல் சிறையோ இருக்க வேண்டும். விசாரணைப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. அதை வாங்காமல் மனு எழுத உட்காராதீர்கள்.