ஃபேன்டஸி ஃபுட்பால்: சம்பளத்தில் எவ்வளவு கட்டலாம்?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் குடும்பங்களின் வரவுசெலவைச் சரிபார்க்கும்போது, செப்டம்பரிலிருந்து ஜனவரி வரையிலான வங்கிக் கணக்கில் சில சின்னத் தொகைகள் அடிக்கடி கண்ணில் படும். 100 டாலர், 25 டாலர், 50 டாலர், மறுபடி 25. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் உறுத்தாது. நிஜ அமெரிக்க ஃபுட்பால் வீரர்களைத் தேர்ந்தெடுத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் மைதானத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறும் போட்டிதான் ஃபேன்டஸி ஃபுட்பால். அதற்குப் போகும் பணம் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. அதனால்தான் வீட்டில் யாருக்கும் அதன் மொத்தம் தெரிவதில்லை.

'சம்பளத்தில் எத்தனை சதவீதம் கட்டலாம்?' என்பதுதான் வழக்கமாக வரும் கேள்வி. சதவீதத்தில் தொடங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மாதக் கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்பதில் தொடங்குங்கள். ஒரே சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவருக்கு 300 டாலர் சாதாரணமாக இருக்கும். இன்னொருவருக்கு 30 டாலரே அதிகம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பிடித்தம் போக மாதம் 5,500 டாலர் கைக்கு வருகிறது. வாடகை 2,000. கார் தவணையும் காப்பீடும் 650. மளிகை 700. கல்விக் கடன் 400. ஊரில் அப்பா அம்மாவுக்கு 500. சேமிப்பு 800. ஆக 5,050 போய்விட்டது, மீதி 450. இதில் திடீர்ச் செலவுக்கு, அதாவது டயர், பல் வைத்தியம் போன்றவற்றுக்கு, 150 ஒதுக்குங்கள். மிஞ்சும் 300 டாலர்தான் மொத்தக் குடும்பத்தின் பொழுதுபோக்குப் பணம். சினிமா, ஹோட்டல், குழந்தைகளின் நீச்சல் வகுப்பு எல்லாம் இதற்குள்தான். ஒருவருடைய ஒரே பொழுதுபோக்கு இதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று வைத்தால் மாதம் 60 டாலர். சீசன் ஐந்து மாதம், ஆக 300 டாலர். ஆண்டுக்குக் கைக்கு வரும் 66,000 டாலரில் இது அரை சதவீதம்கூட இல்லை.

இந்த 300 டாலர் லீக் (சேர்ந்து போட்டியிடும் குழு) கட்டணத்துக்கு மட்டுமல்ல, சீசனின் எல்லாச் செலவுக்கும் சேர்த்துத்தான். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். கட்டணம் 100 என்றால் '100 டாலர்தான் செலவு' என்று மனதில் பதிந்துவிடுகிறது. ஆனால் சில லீக்குகளில் புது வீரரைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் 2 டாலர் பிடிப்பார்கள். இருபது முறை மாற்றினால் 40. டிராஃப்ட் நாள் (சீசனுக்கு முன் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நாள்) சாப்பாடு 40. ஆலோசனை தரும் செயலிக்குச் சந்தா 40. நண்பர்களுக்குள் வாராவாரம் வைக்கும் சின்னப் பந்தயங்கள் 30. நூறு டாலர் லீக் 250 ஆகிவிட்டது. வெளியூர் அணிகளின் ஞாயிறு ஆட்டங்களையும் பார்க்க யூடியூபில் சண்டே டிக்கெட் சந்தா வாங்கினால் அது ஒன்றே லீக் கட்டணத்தை விழுங்கிவிடும்.

கிரெடிட் கார்டு பாக்கியை மாதாமாதம் முழுதாகக் கட்டாமல் வட்டி கொடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: பூஜ்யம். ஈஎஸ்பிஎன், யாஹூ, ஸ்லீப்பர் ஆகிய மூன்று தளங்களிலும் காசில்லாமல் லீக் நடத்தலாம். ஆட்டம் அதேதான், புள்ளிக் கணக்கும் அதேதான்.

சதவீதம் தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு நம்பத்தக்க அளவுகோல் ஒன்று உண்டு. கனடாவின் போதைப்பொருள் பயன்பாடு மற்றும் அடிமைத்தனத்துக்கான மையம் 2021-இல் குறைந்த ஆபத்துள்ள சூதாட்டத்துக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. வரிக்கு முந்தைய குடும்ப வருமானத்தில் மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். மாதத்தில் நான்கு நாட்களுக்கு மேல் வேண்டாம். இரண்டு வகைக்கு மேல் வழக்கமாக ஆட வேண்டாம். மூன்றையும் சேர்த்தே கடைப்பிடிக்க வேண்டும். இந்த 1 சதவீதம் லாட்டரி, கசினோ, விளையாட்டுப் பந்தயம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. மனச்சோர்வோ பதற்றமோ உள்ளவர்கள், குடும்பத்தில் சூதாட்டப் பிரச்சினை இருந்தவர்கள் இதைவிடவும் குறைக்க வேண்டும் என்றும், ஆடாமலே இருப்பது நல்லது என்றும் அந்த வழிகாட்டுதல் சொல்கிறது. ஆகவே அதை உச்சவரம்பாகக் கொள்ளுங்கள். 'அவ்வளவு வரை செலவழிக்கலாம்' என்று அனுமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போட்ட காசு திரும்பி வருமா? 12 பேர், தலைக்கு 100 டாலர், மொத்தம் 1,200. வழக்கமான பங்கீடு 60-30-10 என்றால் முதல்வருக்கு 720, அடுத்தவருக்கு 360, மூன்றாமவருக்கு 120. மற்ற ஒன்பது பேருக்கும் ஒன்றுமில்லை. எல்லோரும் சம திறமை என்று வைத்தால், ஐந்து சீசன் ஆடியும் ஒருமுறைகூட முதல் மூன்றுக்குள் வராமல் போக 24 சதவீத வாய்ப்பு உண்டு. அதாவது கிட்டத்தட்ட நாலில் ஒருவர் 500 டாலர் கட்டி ஒரு டாலர்கூடப் பார்க்க மாட்டார்.

திறமை உதவும், மறுக்கவில்லை. ஆனால் காயத்தை யாராலும் கணிக்க முடியாது. 2023 செப்டம்பர் 11 அன்று நட்சத்திர வீரர் ஆரோன் ராட்ஜர்ஸ் ஜெட்ஸ் அணிக்காக இறங்கிய முதல் ஆட்டத்தின் நான்காவது ஸ்னாப்பிலேயே (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) குதிகால் தசைநார் அறுந்து, அந்தச் சீசனில் அதன்பின் ஆடவே இல்லை. 2024-இல் பெரும்பாலான டிராஃப்டுகளில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட கிறிஸ்டியன் மெக்காஃப்ரி அந்தச் சீசனில் ஆடியது நான்கே ஆட்டம். அவரை எடுத்தவர்கள் யாரும் தவறாக யோசித்துவிடவில்லை.

சீசன் முழுதும் ஓடும் லீக்கில் இழப்புக்கு ஓர் எல்லை உண்டு, கட்டியதோடு போயிற்று. எல்லை இல்லாதது தினசரி ஃபேன்டஸி. அந்த நாள் ஆட்டங்களுக்கு மட்டும் அணி, அன்றே முடிவு, தோற்றால் அன்றிரவே அடுத்தது. பாதிப் பேர் ஜெயிக்கும் 10 டாலர் ஆட்டத்தில் ஜெயித்தவருக்குப் பொதுவாக 18 டாலர் கிடைக்கும். மீதி நிறுவனத்தின் பங்கு. நட்டமில்லாமல் இருக்கவே நூற்றில் 56 முறை ஜெயிக்க வேண்டும். எதிரே யார் என்பது இன்னொரு பிரச்சினை. பெரிய போட்டிகளில் மென்பொருள் வைத்து ஒரே ஆள் 150 அணிகள் வரை இறக்குவார். 2015 பேஸ்பால் சீசனின் முதல் பாதியில் நடந்த தினசரி ஃபேன்டஸியை ஆராய்ந்த மெக்கின்ஸி ஆலோசனை நிறுவன நிபுணர்கள், ஆட்டக்காரர்கள் சம்பாதித்த லாபத்தில் 91 சதவீதம் வெறும் 1.3 சதவீதம் பேருக்குப் போனதாகக் கணக்கிட்டார்கள். வாரம் 25 டாலர் என்று ஆடினால் 18 வாரத்தில் 450 டாலர். மேலே சொன்ன குடும்பத்தின் மொத்த ஒதுக்கீட்டைவிட ஒன்றரை மடங்கு. தினசரி ஆட்டத்துக்குத் தனியாக ஒதுக்கீடு செய்யவே வேண்டாம் என்பதுதான் எங்கள் ஆலோசனை.

பணத்தைக் கையாள எளிய முறை ஒன்று. 300 டாலரை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 25. ஜனவரியிலிருந்தே தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஆகஸ்டுக்குள் 200 சேர்ந்திருக்கும், டிராஃப்டுக்கு அது போதும். ஜெயித்த பணத்தை அந்தக் கணக்கில் போடாதீர்கள், குடும்பக் கணக்கில் போடுங்கள். கிரெடிட் கார்டு வேண்டவே வேண்டாம். இத்தகைய தளங்களுக்குக் கட்டுவதைப் பல வங்கிகள் கேஷ் அட்வான்ஸாக, அதாவது கார்டில் ரொக்கம் எடுத்ததாகப் பதிவு செய்யும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. வட்டியும் முதல் நாளிலிருந்தே ஓடும்.

லீக்கில் சேருமுன் விதிகளை எழுத்தில் கேளுங்கள். கட்டணம் டிராஃப்டுக்கு முன்பே எல்லோரிடமும் வசூலாக வேண்டும். 'அப்புறம் தருகிறேன்' என்பவர், அணி தோற்கத் தொடங்கியதும் தருவதில்லை. பணம் கமிஷனரின், அதாவது லீக்கை நடத்துபவரின், சொந்த வென்மோ பணச் செயலியில் கிடக்கக்கூடாது. லீக்சேஃப் போன்ற பொதுக் கணக்கில் இருந்து, பெரும்பான்மையினர் ஒப்புக்கொண்ட பிறகே வெளியே போக வேண்டும். வருடக்கணக்கில் தொடரும் டைனஸ்டி லீக்கில் அடுத்த ஆண்டு டிராஃப்ட் உரிமையை விற்பவர், அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் பாதியையாவது அப்போதே கட்ட வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் விற்று இந்த ஆண்டு ஜெயித்துவிட்டு விலகிப் போய்விடுவார். லீக்கின் இறுதிப் போட்டி சீசனின் 17-ஆம் வாரத்தில் இருக்கட்டும். கடைசியான 18-ஆம் வாரத்தில், பிளேஆஃப் (நாக்-அவுட் சுற்று) இடம் உறுதியான அணிகள் முக்கிய வீரர்களை உட்கார வைத்துவிடும். ஆட்டம் பாதியில் ரத்தானால் என்ன என்பதும் எழுதியிருக்க வேண்டும். 2023 ஜனவரி 2 அன்று பில்ஸ் அணி வீரர் டமார் ஹாம்லின் மைதானத்தில் மயங்கி விழுந்து பில்ஸ்-பெங்கால்ஸ் ஆட்டம் கைவிடப்பட்டபோது, பல லீக்குகளின் இறுதிப் போட்டி அந்த ஆட்டத்தை நம்பித்தான் இருந்தது. விதி இல்லாத இடங்களில் பரிசுப் பணத்தால் நட்பே கசந்தது.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நம்மவர்கள் நிறைய இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தில், பணம் கட்டி ஆடும் ஃபேன்டஸி லீக்கை மாநிலச் சூதாட்ட ஆணையம் சூதாட்டமாகவே கருதுகிறது. பரிசுப் பணம் வருமான வரிக்கு உட்பட்டது; வரிப் படிவம் வராவிட்டாலும் காட்ட வேண்டும். எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவர்கள் வரிச் சட்டத்தில் பெரும்பாலும் முதல் ஐந்து ஆண்டுகள் வெளிநாட்டவர். அவர்களுக்குச் சூதாட்ட வருமானத்தில் பொதுவாக 30 சதவீத வரி, தோற்றதைக் கழிக்கவும் முடியாது. இந்தியாவில் இருந்துகொண்டு அமெரிக்க நண்பர்களின் லீக்குக்குப் பணம் அனுப்ப நினைப்பவர்களுக்கு: இந்தியாவின் ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) விதிகளின் தடைப் பட்டியலில் லாட்டரியோடு 'ஃபுட்பால் பூல்ஸ்' என்றே பெயர் குறிப்பிடப்பட்டுள்ளது. 2025-இல் வந்த இணைய விளையாட்டுச் சட்டமும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை வழங்குவதைத் தடை செய்கிறது.

எப்போது கவலைப்பட வேண்டும்? தொகையைவிட நடத்தையைப் பாருங்கள். ஞாயிறு தோற்றதைத் திங்கள் இரவு ஆட்டத்தில் மீட்க முயல்வது, கட்டணத்தைத் துணையிடம் குறைத்துச் சொல்வது, எத்தனை லீக்கில் இருக்கிறோம் என்று கேட்டால் உடனே சொல்ல முடியாதது, ஊருக்கு அனுப்பும் பணம் அக்டோபரில் மட்டும் தாமதமாவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் செயலியில் வைப்புத்தொகை வரம்பை இன்றே போடுங்கள். முடியவில்லை என்றால் செயலியின் அதே செட்டிங்ஸ் பகுதியில் சுயவிலக்கு (நம் கணக்கை நாமே தடை செய்துகொள்ளும்) வசதி இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். சூதாட்டத்திலிருந்து மீள விரும்புவோருக்கான கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இணையவழியிலும் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. நண்பர்கள் லீக்கிலிருந்து விலகுவதென்றால் ஜூலைக்குள் கமிஷனரிடம் சொல்லிவிடுங்கள், டிராஃப்டுக்குள் வேறு ஆள் பார்க்க அவருக்கு நேரம் இருக்கும்.