நின்ற காரை இடதுபுறம் தாண்டாதீர்கள்

கோவையில் 19 ஆண்டுகளாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தி வருகிறேன். போன வாரம் திருச்சி சாலையில் என் கண்ணெதிரே நடந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. இதே போன்ற விபத்தை நான் நேரில் பார்ப்பது இது மூன்றாவது முறை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட அம்மா ஒருவர், வயது 56. கணவர் தவறிவிட்டார். அவர் ஆசையாக வாங்கிய பெரிய ஜெர்மன் கார் உறை போட்டபடியே நின்றிருந்தது. அதை எடுத்து ஓட்டிப் பழக வேண்டும், நான்கு நாள் பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள் மாஸ்டர் என்று கேட்டார். போனேன்.

மூன்றாம் நாள் காலை. மருத்துவமனை ஒன்றின் எதிரே ஜீப்ரா கிராசிங். சாலைத் தடுப்பின் இடைவெளியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். ஒரு கையில் எக்ஸ்ரே உறை. மறு கையை நம் ஊர் வழக்கப்படி உயர்த்திக் காட்டிக்கொண்டே வந்தார். அந்த அம்மா கண்ணாடியைப் பார்த்து, நிதானமாகப் பிரேக் பிடித்து, கோட்டுக்கு நன்றாக முன்னாலேயே நிறுத்தினார். நான் சொல்லிக்கொடுத்தபடியே நிறுத்தினார். பெரியவர் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, காரின் இடது விளக்கைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைத்தார். காருக்கும் நடைமேடைக்கும் இடையே இருந்த சந்தில் பைக்கில் வந்த இளைஞன் அவரைத் தூக்கி அடித்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உறங்க விடவில்லை. ஒரு நிமிடத்துக்குள் இருபது பேர் கூடிவிட்டார்கள். பெரியவர் பக்கத்தில் இரண்டே பேர். மீதிப் பேர் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். பானெட்டை உள்ளங்கையால் அறைந்தார்கள். "காசு இருந்தால் ஆள் மேல் ஏற்றுவாயா?" என்று கத்தினார்கள். காரில் ஒரு கீறல்கூட இல்லை. கோட்டுக்கும் காருக்கும் நடுவே இன்னொரு காரே நிற்கும் அளவு இடம் இருந்தது. யாரும் அதைக் குனிந்து பார்க்கவில்லை. விழுந்து எழுந்த இளைஞனோ, "இந்தக் கார் எதற்கு நடுரோட்டில் நின்றது?" என்று கேட்டான். கூட்டமும் அதை ஒப்புக்கொண்டது! ஜீப்ரா கோட்டில் நிற்பதற்குக் காரணம் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டோம்.

108க்கு அழைத்தது நான். பெரியவருக்குத் தொடை எலும்பு முறிவு. அறுவைச் சிகிச்சை முடிந்து தேறி வருகிறார். காரில் கேமரா இருந்ததால் போலீஸ் விசாரணையில் உண்மை தெரிந்தது. கேமரா இல்லாதிருந்தால் இருபது பேரின் சாட்சியம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

"பெரிய கார் என்றால் திமிர், மோதல் என்றால் பெரிய வண்டி மேல்தான் தப்பு." இந்த நினைப்பைத்தான் நான் எத்தனையோ வகுப்புகளில் எதிர்த்துப் பேசி அலுத்துவிட்டேன். அப்படி ஒரு சட்டம் இந்த நாட்டில் இல்லை. வண்டியின் விலையையோ நீளத்தையோ பார்த்து யாரும் குற்றவாளி ஆவதில்லை. யார் எந்த வேகத்தில் வந்தார், யாருக்கு வழி உரிமை இருந்தது, யார் கவனிக்கத் தவறினார் என்பதைத்தான் பார்ப்பார்கள். சிக்னல் இல்லாத பாதசாரிகள் கடக்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, நின்று, வழிவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. அது பைக்குக்கும் பொருந்தும், ஆட்டோவுக்கும் பொருந்தும், ஸ்கூட்டரில் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் தாய்க்கும் பொருந்தும்.

சொகுசுக் கார்க்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. லாஸ் வேகஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. கார் விலை ஆயிரம் டாலர் கூடக் கூட, பாதசாரிக்கு வழிவிடும் வாய்ப்பு 3 சதவீதம் வீதம் குறைந்ததாம். இந்தச் செய்தியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாத ஆள் இல்லை. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: கவனித்த 461 கார்களில் வழிவிட்டவை மொத்தமே 28 சதவீதம்தான். மலிவான கார், விலை உயர்ந்த கார் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிற்கவே இல்லை. இந்தக் கணக்கை எனக்கு ஒருவரும் அனுப்பியதில்லை. பின்லாந்தில் அதே ஆண்டு வெளிவந்த ஆய்விலும் இப்படித்தான். பிறரை மதிக்காத, பிடிவாதக்கார ஆண்கள் உயர்ரகக் கார்களை அதிகம் வைத்திருக்கிறார்கள் என்ற பாதி மட்டும் ஊரெல்லாம் பரவியது. பொறுப்புணர்வு மிக்க ஆண்களும் பெண்களும் அதே கார்களைத்தான் நாடுகிறார்கள் என்ற மறுபாதி பரவவில்லை.

வண்டியைப் பார்த்து மனிதரை எடைபோடும் பழக்கம் இரண்டு பக்கமும் வெட்டும். இதே அம்மா 'எல்' பலகை வைத்த என் சின்னக் காரில் பழகிய நாட்களில், சிக்னல் பச்சைக்கு மாறும் முன்பே பின்னாலிருந்து ஹாரன் பிளக்கும். கிளட்சில் கால் நடுங்கி இன்ஜின் அணைந்துபோகும். அவர் கண் கலங்கியிருக்கிறார். போன வாரம் பெரிய காரில் அதே சிக்னலில் அதே தாமதம். ஒரு ஹாரன்கூட இல்லை. கலிபோர்னியாவில் 1968இல் வெளியான ஒரு சோதனை இதைத்தான் காட்டியது: பச்சை விழுந்த பிறகும் நகராமல் நின்றது பழைய கார் என்றால் பின்னால் இருந்தவர்கள் உடனே ஹாரன் அடித்தார்கள், விலை உயர்ந்த கார் என்றால் பொறுத்திருந்தார்கள். பயந்து காட்டும் பொறுமை மரியாதை ஆகாது. அடக்கி வைத்த எரிச்சல்தான் அன்று பானெட்டில் விழுந்தது.

பைக் ஓட்டும் தம்பிகளே, முன்னால் ஒரு வண்டி கோட்டருகே நின்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாத ஒருவர் அதன் மறைவில் நடந்துகொண்டிருக்கிறார். 40 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள். அவர் தெரியும்போது உங்கள் கை பிரேக்குக்குப் போயிருக்காது. இடதுபுறச் சந்தில் நுழையாதீர்கள். காருக்குப் பின்னாலேயே நில்லுங்கள். ஐந்து நொடிதான் ஆகும்.

கார் ஓட்டுபவர்களே, கோட்டின் மேலேயே நிற்காதீர்கள். ஒரு கார் நீளம் முன்னாலேயே நிறுத்துங்கள். நடப்பவரை மற்றவர்கள் பார்க்க வேண்டும். கண்ணாடியை இறக்கி வலது கையை நீட்டி மேலும் கீழும் அசையுங்கள். உரிமத் தேர்வுக்குப் படித்த சைகைதான். ஏசி வந்த நாளிலிருந்து எல்லாரும் மறந்துவிட்டார்கள். பெரிய கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: ஊருக்குள் ஹைபீம் போட்டு எதிரில் வருபவரைக் குருடாக்காதீர்கள். உங்கள் மேல் ஊர் வைத்திருக்கும் கோபத்தில் பாதி அந்த விளக்கால் வந்தது.

பெரியவர்களே, அம்மாக்களே, ஒரு கார் நின்றுவிட்டது என்பதற்காக முழுச் சாலையும் நின்றுவிட்டதாக நம்பிவிடாதீர்கள். காரின் ஓரத்தில் நின்று, எட்டிப் பார்த்து, பிறகு அடுத்த அடியை வையுங்கள். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த பாதசாரிகள் 32,825 பேர்.

கூடி நிற்பவர்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவின்படி, காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை. கூட்டத்தின் ஆவேசத்தால் முடியாமல் போனால் ஒழிய, என்று அந்தப் பிரிவிலேயே ஒரு விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்களுக்கே நம்மைப் பற்றித் தெரிந்திருக்கிறது. உதவி செய்பவர் மேல் வழக்கு வராது; 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு அதற்குப் பாதுகாப்பு தருகிறது. முதலில் விழுந்தவரிடம் போங்கள்.

அந்த அம்மா அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கார் மீண்டும் உறைக்குள் போய்விட்டது. நேற்று வீட்டுக்குப் போய் நெடுநேரம் பேசினேன். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வாசல்வரை வழியனுப்ப வந்தவர் ஒன்று கேட்டார்: "அந்தச் சின்ன வண்டியிலேயே போகலாமா மாஸ்டர்? எல் பலகையைக் கழற்ற வேண்டாம்."