மிச்சம் பிடித்த 12 வெள்ளி எங்கே?

கணவரோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஓர் அம்மா, பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். முதல் நான்கு பக்கங்களில் மகள் பென்சிலில் எழுதிய இரண்டாம் வாய்ப்பாடு. ஐந்தாம் பக்கத்திலிருந்து அம்மாவின் நீல மை, எல்லாம் சிங்கப்பூர் வெள்ளிக் கணக்கு. ‘தேக்கா சந்தை: ஒரு வாரக் காய்கறி, மீன். பக்கத்துக் கடையைவிட 12 வெள்ளி மிச்சம்.’ ‘ரெண்டு பேருக்கும் சோறு கட்டினேன். 9 வெள்ளி மிச்சம்.’ ‘ஏர்கான் போடல, ஃபேன் மட்டும்.’ மாதம் முழுக்க இப்படியே. கூட்டிப் பார்த்தேன், 214 வெள்ளி வந்தது.

“இவ்வளவு மிச்சம் பிடிச்சிருக்கீங்களே, அந்தப் பணம் இப்போ எங்கேம்மா இருக்கு?” என்று கேட்டேன்.

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் நோட்டைப் பார்த்தார். “பேங்க்லதான் இருக்கணும், அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனில் கணக்கைத் திறந்து காட்டினார். சம்பளம் வர இன்னும் நான்கு நாள் இருந்தது. கணக்கில் 180 வெள்ளிச் சொச்சம்தான். போன மாதமும் ஏறக்குறைய அவ்வளவே இருந்ததாம்.

பதினாறு ஆண்டுகள் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்தேன். இப்போது குடும்பங்களுக்கு வரவு செலவு, கடன் பற்றி ஆலோசனை சொல்கிறேன். சிக்கனம் தெரியாமல் என்னிடம் வருபவர்கள் குறைவு. நம் வீட்டுப் பெண்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. முருங்கைக்காய் எங்கே மலிவு, அரிசி எந்த வாரம் சலுகையில் வரும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஆனால் தேக்காவில் மிஞ்சிய 12 வெள்ளி, மற்ற பணத்தோடு அதே கணக்கில், அதே கார்டின் பின்னால் கிடக்கிறது. சனிக்கிழமை மழை பெய்தால் டாக்சி, அடுத்த வாரம் ஒரு கல்யாண மொய், நள்ளிரவில் போனில் ஒரு தள்ளுபடி விற்பனை. யாரும் ஊதாரித்தனம் செய்யவில்லை, ஆனாலும் பணம் இல்லை. மிச்சம் பிடித்த பணத்தை அன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றாவிட்டால் அது மிச்சமே இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

அந்தக் குடும்பத்துக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கொடுத்த வீட்டுக்கடன் 300,000 வெள்ளி. 25 ஆண்டு, வட்டி 2.6 விழுக்காடு. மசேநி (மத்திய சேம நிதி) என்ற கட்டாயச் சேமிப்பில், வீட்டுத் தவணைக்கும் எடுக்கக்கூடிய சாதாரணக் கணக்கின் 2.5 விழுக்காட்டோடு 0.1 சேர்த்து வீவக நிர்ணயிக்கும் வட்டி அது. மாதத் தவணை சுமார் 1,361 வெள்ளி. முதல் மாதத் தவணையில் 650 வெள்ளி வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் கழிவது 711தான். 25 ஆண்டும் ஒழுங்காகக் கட்டி முடித்தால் வட்டி மட்டும் 108,000 வெள்ளியைத் தாண்டும்.

இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். பிறகு கீழே இன்னொரு வரி எழுதினேன். தொடக்கத்திலிருந்தே மாதம் 200 வெள்ளி கூடுதலாக அசலுக்குப் போனால், கடன் 25 ஆண்டில் முடியாமல் 20 ஆண்டு 9 மாதத்தில் முடிகிறது. வட்டியில் ஏறத்தாழ 20,000 வெள்ளி குறைகிறது. மாதா மாதம் கட்டாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேர்த்துக் கட்டினால் இது சற்றுக் குறையும், அவ்வளவுதான். ஒரு நாளைக்குச் சுமார் ஆறரை வெள்ளி! அவர் நோட்டில் ஏற்கெனவே இருந்த தொகை அது.

அந்த அம்மா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “அப்போ நான் மூணு வருஷமா எழுதினது...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். எனக்கே சங்கடமாகப் போய்விட்டது.

சரி, என்ன செய்தோம்? கார்டு இல்லாத ஒரு தனிச் சேமிப்புக் கணக்கைத் திறக்கச் சொன்னேன். அன்றன்றைக்கு மிச்சம் என்று எழுதிய தொகையை அன்று இரவே பேநவ் (போனிலேயே உடனடியாகப் பணம் அனுப்பும் வசதி) வழியாக அந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். 3 வெள்ளியாக இருந்தாலும் அனுப்ப வேண்டும். அனுப்பிய பிறகுதான் நோட்டில் எழுத வேண்டும். சிலர் சம்பள நாளன்றே 200 வெள்ளியைத் தானாக மாற்றிவிட ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். அது சுலபம், நல்லதும்கூட. ஆனால் ஏற்கெனவே நோட்டுப் போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த இரவு வழக்கம்தான் நன்றாகப் பிடிக்கிறது. காலையில் பிடித்த மிச்சம் இரவில் கண்முன்னே இடம் மாறுவதைப் பார்க்கிறார்கள்.

அரசாங்கம் குடும்பங்களுக்குக் கொடுக்கும் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டுகளுக்கும் (வவுச்சர்) இதே வழிதான். 2025 மே மாதத்தில் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் 500 வெள்ளி கிடைத்தது. அதில் பாதியைப் பேரங்காடிகளில் செலவழிக்க முடிந்தது. பலர் அதைச் சும்மா வந்த பணமாக நினைத்து, வழக்கமாக வாங்காததை எல்லாம் வண்டியில் போடுகிறார்கள். அரிசி, எண்ணெய், பருப்பு என்று வழக்கமாக வாங்குவதை மட்டும் பற்றுச்சீட்டில் வாங்குங்கள். ரசீதில் 64 வெள்ளி என்று இருந்தால் அதே 64 வெள்ளியைக் கடையைவிட்டு வெளியே வருவதற்குள் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அரசாங்கம் கொடுத்த பற்றுச்சீட்டு உங்கள் வீட்டுக்கடனைக் குறைக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் சேர்ந்த பணத்தை உடனே வீட்டுக்கடனில் போட்டுவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. ஒரு தம்பி வந்தார், நல்ல உழைப்பாளி. ஒரே தவணையில் 10,000 வெள்ளியை வீட்டுக்கடனில் கட்டியதைப் பெருமையாகச் சொன்னார். பேச்சுவாக்கில் கிரெடிட் கார்டில் 7,000 வெள்ளி பாக்கி இருப்பதும், அதற்குக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிவருவதும் தெரியவந்தது. கார்டு வட்டி ஆண்டுக்கு 26, 27 விழுக்காடு. வீட்டுக்கடன் வட்டி 2.6. பத்து மடங்கு வட்டி ஓடும் கடனை விட்டுவிட்டு, மிகக் குறைந்த வட்டிக் கடனை அடைத்திருக்கிறார். அடகுக்கடையில் நகை இருந்தாலும் இதே கதைதான். அங்கே மாத வட்டி 1.5 விழுக்காடு வரை போகலாம், ஆண்டுக்கு 18. உரிமம் பெற்று வட்டிக்குக் கடன் கொடுப்பவரிடம் மாதம் 4 விழுக்காடு வரை. இவை எல்லாம் தீர்ந்த பிறகுதான் வீட்டுக்கடன் பக்கம் திரும்ப வேண்டும்.

அடுத்தது கைக்காசு. வீட்டில் போட்ட பணத்தை நினைத்தபோது திரும்ப எடுக்க முடியாது. வேலை போய்விட்டால் சுவரைச் சுரண்டியா சாப்பிட முடியும்? ஆறு மாத வீட்டுச் செலவாவது ரொக்கமாக இருக்க வேண்டும். அதைச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் வைக்கலாம். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், எந்த மாதமும் அபராதம் இல்லாமல் திரும்பப் பெறலாம். பணம் அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் கைக்கு வரும், ஆகவே அவசரத்துக்கு ஒரு பகுதி வங்கியிலேயே இருக்கட்டும்.

மசேநி சாதாரணக் கணக்கிலும் ஆறு மாதத் தவணையை விட்டுவையுங்கள். அந்தக் குடும்பத்துக்கு அது 8,000 வெள்ளிக்குச் சற்று மேல். சாதாரணக் கணக்கைத் துடைத்தெடுத்து வீட்டுக்கடனில் கொட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதில் முதல் 20,000 வெள்ளி வரை 1 விழுக்காடு கூடுதல் வட்டி உண்டு. 55 வயதுக்குக் கீழே இருந்தால் அந்தக் கூடுதல் வட்டி மசேநியின் இன்னொரு கணக்கான சிறப்புக் கணக்கில் போய்ச் சேரும். ஆக 3.5 விழுக்காடு தரும் பணத்தை எடுத்து 2.6 விழுக்காட்டுக் கடனை அடைக்கிறார்கள்.

இன்னொன்று. வீட்டுக்காக எடுத்த மசேநி பணத்தை, வீட்டை விற்கும்போது, அது கணக்கிலேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கும் வட்டியோடு சேர்த்து உங்கள் கணக்குக்கே திருப்ப வேண்டும். 100,000 வெள்ளி எடுத்துப் பத்து ஆண்டு ஆனால் 2.5 விழுக்காட்டில் அது 128,000 ஆகிவிடும். உங்கள் பணம்தான், எங்கும் போய்விடவில்லை. ஆனால் விற்ற அன்று கையில் ரொக்கம் வரும் என்று நம்பியிருந்தவர்கள் என் முன்னால் அழுதிருக்கிறார்கள். சிக்கனத்தில் சேர்ந்த ரொக்கத்தை வீட்டுக்கடனுக்குப் பயன்படுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வங்கிக் கடன் வைத்திருப்பவர்கள் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து ஒருமுறை படியுங்கள். லாக்-இன் காலம், அதாவது அபராதம் இல்லாமல் கடனை முன்கூட்டியே அடைக்க முடியாத காலம், பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டு. அதற்குள் முன்கூட்டியே அடைத்தால் அடைக்கும் தொகையில் 1.5 விழுக்காடு அபராதம் கேட்பது வழக்கம். அந்தக் காலம் முடியும்வரை தனிக் கணக்கில் சேர்த்து வைத்து, முடிந்ததும் கட்டுங்கள். வீவக கடனில் இந்த அபராதம் கிடையாது. வீவகவிலிருந்து வங்கிக்கு மாறினால் திரும்பி வர வழியும் கிடையாது. 2020, 2021 வாக்கில் வங்கி வட்டி ஒரு விழுக்காட்டை ஒட்டி இருந்தபோது மாறியவர்கள் பலர், 2022 இறுதியில் 4 விழுக்காட்டைத் தாண்டியபோது தவித்தார்கள். இன்று வட்டி குறைவு என்று யாராவது சொன்னால், 4 விழுக்காடு ஆனாலும் நம்மால் கட்ட முடியுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள். கூடுதலாகக் கட்டும்போதெல்லாம், மாதத் தவணை குறையுமா, தவணைக் காலம் குறையுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தவணை மட்டும் குறைந்தால், அதில் மிஞ்சுவதும் பழையபடி டாக்சிக்கும் தள்ளுபடிக்கும் போய்விடும்.

எதில் சிக்கனம் பிடிப்பது என்று நான் அதிகம் சொல்வதில்லை. அது உங்களுக்கே தெரியும். வயதானவர்களின் மருந்திலும் பிள்ளைகளின் சாப்பாட்டிலும் கை வைக்காதீர்கள் என்பது மட்டும்தான் என் வேண்டுகோள். பள்ளி வகுப்புக்கு மேலே மூன்று டியூஷன் போகும் பிள்ளைக்கு இரண்டு போதுமா என்று பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள். ஏர்கான், தேத்தண்ணி எல்லாவற்றையும்விட அந்த ஒரு கேள்வியில் மாதம் 200 வெள்ளி மிஞ்சிய வீடுகள் உண்டு.

பதினான்கு மாதம் கழித்து அந்தத் தம்பதியர் மறுபடி வந்தார்கள். அதே நோட்டு, அட்டை பிய்ந்து டேப் ஒட்டியிருந்தது. இப்போது வலப்பக்கம் புதிதாக ஒரு கட்டம் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அனுப்பிய நேரம், இரவு 9.40, இரவு 10.15 என்று. கார்டுக் கடன் அவர்களுக்கு இல்லை. கைக்காசு சேர்ந்தவரை அப்படியே இருந்தது. வீவகவுக்கு முதல் முறையாக 1,200 வெள்ளி கட்டிய ரசீதை மடித்து, இரண்டாம் வாய்ப்பாட்டுப் பக்கத்தில் வைத்திருந்தார். “இவர் மட்டும் கடைத் தேத்தண்ணியை விடமாட்டேங்கறார், அக்கா” என்றார். குடிக்கட்டும் விடும்மா என்றேன். கணவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, அடுத்த 1,200 எந்த மாதம் சேரும் என்று பென்சிலால் கணக்குப் போட ஆரம்பித்தார்.